ஆய்வகத்துக்குள் வந்த ஆடு

அந்த ஆய்வகத்தில் எல்லோரும் அவளை நேரில் அக்கா என்றும் முதுகுக்குப் பின்னால் பார்லரக்கா என்றும் கூப்பிட்டார்கள். இரண்டாவது பெயரும் அவள் காதுக்கு வந்துதான் இருந்தது. பதினோரு வருஷம் அழகு நிலையம் நடத்தியவளை வேறு என்னவென்று சொல்வார்கள் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் ஒரு கட்டடத்தைப் பாதியாக வெட்டினார்கள். வெட்டுப்பட்ட பாதியில் அவளுடைய கடை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய விலங்கியல் பட்டத்தைப் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்து, தூசி தட்டி, நாற்பத்திரண்டு வயதில் அந்த ஆய்வகத்தின் நேர்காணலுக்குப் போய் உட்கார்ந்தாள். கூட உட்கார்ந்திருந்ததெல்லாம் சின்னஞ்சிறுசுகள்.

பேராசிரியர் முதலில் கேட்ட கேள்வியே அவளுக்குத் தெரிந்த கேள்வியாக இருந்தது.

"கெரட்டின்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"நல்லாத் தெரியும் சார். சுருட்டை முடியை நேராக்கப் போடறது. மூணு மணி நேரம் ஆகும். அப்புறம் மூணு நாளைக்குத் தலையில தண்ணி படக்கூடாது."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, முடி, தோல், நகம் எல்லாம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை என்றும், தங்கள் ஆய்வகத்தின் முதல் எதிரியே அதுதான் என்றும் விளக்கினார். ரத்தத்தில் இருக்கும் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்க்கிற வேலை அது. ஒரே ஒரு முடி, ஒரு பொடுகு டியூபுக்குள் விழுந்தால் போதும், எடைபோடுகிற மெஷின் ரத்தத்தை விட்டுவிட்டு முடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்.

"அப்ப முடி விழக்கூடாது, அவ்வளவுதானே சார்? பதினோரு வருஷத்துல என் கடை முடி ஒண்ணு பக்கத்து டீக்கடை டம்ளர்ல விழுந்ததா ஒரு புகார் வந்ததில்ல."

வேலை கிடைத்தது. ஒப்பந்த வேலை. வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டு ஆறு வருஷம் ஓடிவிட்டது.

அங்கே இருந்த யாருமே நேர் வழியில் வந்தவர்கள் இல்லை. பேராசிரியர் குழந்தை மருத்துவராக இருந்தவர். ஊசியைக் கண்டு குழந்தைகள் அழுதால் அவருக்கும் அழுகை வரும், அதனால் ஆராய்ச்சிக்கு வந்துவிட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. மெஷினைப் பார்த்துக்கொள்பவர் அந்தக் காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி ரிப்பேர் செய்தவர். அவரை எல்லோரும் மெஷின் அண்ணன் என்பார்கள். "இன்னைக்கு அவளுக்கு மூடு சரியில்ல, கிட்டப் போகாதீங்க" என்று மெஷினைப் பற்றிப் பேசுவார். மெஷின் சொல்வதைப் படித்துச் சொல்கிற பெண் காப்பீட்டுக் கம்பெனியில், யார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள். அவளுக்குக் கணக்கு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம் ஆராய்ச்சி மாணவன் ஒருவன். மார்பு வரைக்கும் தாடி. கூப்பிடும் பெயரும் தாடிதான்.

இந்த வருஷம் கைக்கு வந்தது அறுபது டியூப். உடம்பு தன்னையே எதிரி என்று நினைத்துத் தாக்கிக்கொள்கிற நோய் உள்ள அறுபது பேரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீர். மருந்து தொடங்குவதற்கு முன்னால் எடுத்தது. இப்போது அறுபது பேரும் மருந்து சாப்பிடுகிறார்கள், அதனால் அந்த ரத்தம் இனிமேல் எங்கே தேடினாலும் கிடைக்காது. டியூபில் இருந்ததோ மூன்று தடவை ஓட்டிப் பார்க்கிற அளவுதான்.

பேராசிரியர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "இதை நல்லபடியா முடிச்சுட்டோம்னா உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதப் போறேன். ஆறு வருஷமாச்சு."

அன்றைக்கிலிருந்து பார்லரக்கா தரையில் நடக்கவில்லை. அறுபது டியூபையும் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டாள். சலவைக்குப் போய்வருகிற ஆய்வகக் கோட்டுகளைக் கையில் எடுத்துப் பார்த்தாள். எந்த விடுதியின் படுக்கை விரிப்போடு சேர்த்துத் துவைத்தார்களோ, பையெல்லாம் பஞ்சுத்துகள். "இதைப் போட்டுக்கிட்டா அந்த டியூபைத் தொடப் போறோம்?" என்று கேட்டு, ஐந்து கோட்டையும் பையில் போட்டு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். தனி வாளி, தனி சோப்பு. காற்றில் தூசி படும் என்று அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்தபோது பேராசிரியரே கோட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலகூட இப்படி இல்ல" என்றார்.

முதல் தடவை அறுபது டியூபும் ஓடி முடிந்தது. கணக்கு பட்டியலைத் திறந்தாள். எல்லோரும் பின்னால் நின்றார்கள்.

டியூபில் இருக்கிற புரதம் எந்தெந்த உயிரினத்துடையது என்று சொல்கிற பட்டியல் அது. அதில் மனிதர் வருவார், சரிதான். பன்றியும் வரும். புரதத்தை வெட்டித் துண்டாக்கப் போடுகிற நொதியே பன்றியிடமிருந்து எடுத்தது. அதனால் பன்றி நம்ம ஆள். ஆனால் அன்றைக்கு மூன்றாவதாக ஒருவர் வந்திருந்தார்.

"ஆடு" என்றாள் கணக்கு.

"என்ன ஆடு?"

"செம்மறி ஆடு, சார். ரோமம். அறுபது டியூப்லயும் இருக்கு. ஒண்ணு ரெண்டுல நோயாளியைவிட ஆடுதான் ஜாஸ்தி."

"ஆடு எப்படிம்மா மூணாவது மாடிக்கு ஏறி வந்துச்சு?" என்றார் மெஷின் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. மெஷின் இருக்கிற அறை எப்போதும் குளிரூட்டிய அறை. அங்கே உட்காருகிறவர்கள் எல்லோரிடமும் ஏதாவது ஒரு கம்பளித் துணி இருந்தது. பார்லரக்காவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

மறுநாள் காலையில் வாசலில் ஒரு அட்டைப்பெட்டியோடு நின்றாள்.

"ஸ்வெட்டர், சால்வை, மஃப்ளர், தொப்பி எதுவா இருந்தாலும் இதுல போட்டுட்டு உள்ள போங்க. சாயங்காலம் திருப்பித் தரேன்."

பேராசிரியரின் கையில்லாத ஸ்வெட்டர் முதலில் விழுந்தது. மூன்றாம் நாளே அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. கணக்கு இரண்டு பருத்திச் சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். மெஷின் அண்ணன் மட்டும் கழுத்து மஃப்ளரைக் கழற்ற ஒரு வாரம் சண்டை போட்டார்.

"ஏம்மா, பதினாறு வருஷமா இந்தக் கழுத்துல கிடக்கு. அப்பல்லாம் ஆடு வரலையே?"

"அப்ப சின்னக் குட்டியா இருந்திருக்கும்ணே, இப்ப வளர்ந்துடுச்சு. கழட்டுங்க."

கடைசியில் தாடியிடம் வந்தாள். வழக்கமாக அவனும் அவளும்தான் டியூபில் கை வைக்கிறவர்கள். அவளுடைய பார்வை போகிற இடத்தைப் பார்த்ததுமே அவன் இரண்டு கையாலும் தாடியைப் பொத்திக்கொண்டான்.

"அக்கா, இது மனுஷ முடிக்கா. லிஸ்ட்ல ஆடுதானே வந்திருக்கு?"

"நீ போன வாரம் மலைக்குப் போனியே, அங்க ஆட்டுமந்தை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தியா இல்லையா?"

"எடுத்தேன். ஆனா அது..."

"தாடி சும்மா இருக்காதுப்பா, வழியில கிடைக்கிறதையெல்லாம் சேர்த்து வைக்கும். நான் எத்தனை தாடி பார்த்தவ."

மதிய உணவு இடைவேளையில் வெளி வராந்தாவில் நாற்காலி போட்டு, கழுத்தில் துணி கட்டி அவளே எடுத்துவிட்டாள். கை மறக்கவில்லை, பத்தே நிமிஷம். தாடி இல்லாத தாடியை அன்று காணொளி அழைப்பில் பார்த்த அவன் அம்மா, "வேலை போயிடுச்சாடா?" என்று கேட்டு அழுதுவிட்டாராம். நிச்சயம் செய்திருந்த பெண் ஒன்றுமே சொல்லாமல் போனை வைத்துவிட்டாளாம்.

இவ்வளவும் செய்துவிட்டுத்தான் இரண்டாவது தடவை ஓட்டினார்கள். போதாக்குறைக்கு வாரம் ஒருமுறை துவைத்துவந்த கோட்டுகளை அவள் தினமும் துவைத்துத் தினமும் தேய்த்துக் கொண்டுவந்தாள்.

கணக்கு பட்டியலைத் திறந்தாள். திறந்துவிட்டு அவசரமாக மூடப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றார் பேராசிரியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"மூணு மடங்கு ஆயிடுச்சு சார்."

"எது?"

"ஆடு."

பேராசிரியர் கோபப்படத் தெரியாதவர். அன்றைக்கு முயற்சி செய்து பார்த்தார், தும்மல்தான் வந்தது. ஆனால் மேலிடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நடுவில் இரண்டு நாள் மெஷின் அண்ணன் யாருக்கும் தெரியாமல் மஃப்ளரைச் சட்டைக்குள் சுற்றிக்கொண்டு வந்தது வெளியே வந்திருந்தது. விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் போயிற்று. ஓய்வு பெற இரண்டே வருஷம் இருக்கிற மனிதர். அன்று முழுக்க அவர் மெஷினிடம்கூடப் பேசவில்லை. பார்லரக்காவுக்கும் அவர்மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. 'என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாரே' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள். மூன்றாவது தடவை வியாழக்கிழமை என்று முடிவானது. அதற்கு மேல் டியூபில் ஒன்றும் மிஞ்சாது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் கோட்டு தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகச் சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் கழுத்தைப் பரபரவென்று சொறிந்தார்.

"இந்தப் புது சோப்பும் ஒத்துக்கல. மாத்து."

"ரெண்டு தடவை மாத்தியாச்சு. சோப்பு இல்லங்க அது. உங்க உடம்பு எதையோ பார்த்து எதிரின்னு நினைச்சுக்கிட்டுச் சண்டை போடுது. எங்க ஆய்வகத்துல இதைத்தான் படிக்கிறாங்க."

"இருபது வருஷமா உன்கூடக் குடும்பம் நடத்துறேன், அப்பல்லாம் போடாத சண்டையை இப்ப எதுக்குப் போடுது?"

"கிண்டலை விடுங்க. எப்ப இருந்து அரிக்குது?"

"நீ அந்தக் கோட்டுகளைத் தூக்கிட்டு வந்து தேய்க்க ஆரம்பிச்சியே, அப்ப இருந்துதான். இஸ்திரிக் கடையில குடுத்த வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? கூடவே என் சட்டையும் தேய்ச்சுத் தரேன்னு நீதான் பெரிய மனசு பண்ணின."

அவள் கையில் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது. கோட்டைப் பார்த்தாள். அதற்குக் கீழே பழைய வேட்டி, நடுவில் நைந்து ஓட்டை விழுந்தது. அதற்குக் கீழே மேஜைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பரணிலிருந்து இறக்கி நான்காக மடித்துப் போட்டிருந்தாள், கல்யாணச் சீராக அவள் அப்பா கொடுத்த கம்பளியை. அசல் ஆட்டு ரோமம், ஆயுசுக்கும் உழைக்கும் என்று சொல்லிக் கொடுத்தது.

பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கோட்டின் கையைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தாள். சூடாக அழுத்தி எடுத்த வெள்ளைத் துணியில் பூனை மயிர் மாதிரி மெல்லிய நாலைந்து இழைகள் நிமிர்ந்து நின்றன. அடுத்த கோட்டிலும். அதற்கடுத்ததிலும். எல்லோருடைய ஸ்வெட்டரையும் வாசலில் பிடுங்கி வைத்துவிட்டு, தினமும் காலையில் ஆளுக்கு ஒரு ஆட்டை மடித்து அவளே கையில் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறாள்.

"என்ன ஆச்சு, கோட்டு கருகிடுச்சா?" என்றார் கணவர்.

"கருகியிருந்தாக்கூடப் பரவாயில்லைங்க."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். லிஃப்ட் வேலை பார்க்கிறவர், எங்கே அடைத்துக்கொண்டாலும் ஒரு வழி கண்டுபிடிப்பவர்.

"இதுல என்ன இருக்கு? கம்பளியை எடுத்துப் பரண்ல போடு. கோட்டை இன்னொரு தடவை அலசி, தேய்க்காம கொண்டு போ. வியாழக்கிழமை ஆடு வராது. தானா போயிடுச்சுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டுக்குவாங்க. உன் வேலையும் நிரந்தரமாயிடும்."

"மெஷின் அண்ணன்?"

"அவருக்கு என்ன?"

"அவர் மஃப்ளரைக் கழட்டினதும் ஆடு போயிடுச்சுன்னு ஆயிடும்ல? அவர்தான் பண்ணினார்னு எழுதிடுவாங்களே."

கணவர் கழுத்தைச் சொறிந்துகொண்டே யோசித்தார். அந்த அடைப்புக்கு அவரிடம் வழி இல்லை.

"அப்ப சொல்லித் தொலை" என்றார். "ஆனா நான் சிரிச்ச மாதிரி அவங்களும் சிரிப்பாங்க. தாங்கிக்க."

புதன்கிழமை காலைக் கூட்டத்தில் சொன்னாள். வழியெல்லாம் நன்றாகத் தொகுத்து வைத்திருந்ததை அங்கே வாயைத் திறந்ததும் தலைகீழாகச் சொல்லிவிட்டாள்.

"சார், ஆடு எங்க வீட்டுலதான் இருக்கு."

பேராசிரியர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். "வாங்கியிருக்கீங்களா?"

"ஐயோ இல்ல சார்." மேஜை, வேட்டி, ஓட்டை, கம்பளி, இஸ்திரிப் பெட்டி என்று ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அறையில் இருந்த ஒவ்வொருவரும் தாங்கள் போட்டிருந்த கோட்டை மெதுவாகக் கழற்றி, இரண்டு விரலால் பிடித்து நாற்காலியில் போட்டார்கள். தாடி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கை மோவாயைத் தடவிக்கொண்டிருந்தது.

"அப்ப என் தாடி?" என்றான்.

"உன் தாடி மேல ஒரு தப்பும் இல்லப்பா."

"அக்கா!"

"வளர்ந்துடும்டா. நான் வேணும்னா அந்தப் பொண்ணுகிட்டப் பேசறேன்."

"வேணாம்க்கா. நீங்க எதுவும் செய்யாம இருந்தாலே போதும்."

அதைக் கேட்டு முதலில் சிரித்தது பேராசிரியர். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "தினமும் தேய்ச்சதுலதான் மூணு மடங்கு!" என்று விக்கி விக்கிச் சொன்னாள். பார்லரக்கா தாங்கிக்கொண்டாள். சிரிக்காத ஒரே ஆளான மெஷின் அண்ணனிடம் போய் நின்றாள்.

"அண்ணே, உங்களை நான் மனசுக்குள்ள ரொம்பத் திட்டிட்டேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். "விளக்கக் கடிதம் ரெண்டு பக்கம் எழுதிட்டேம்மா. மூணாவது பக்கம் முழுக்க உன்னைத்தான் திட்டியிருக்கேன். ரெண்டும் சரியாப் போச்சு." தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டவர், அவள் நகர்ந்த பிறகு குனிந்து மூன்றாவது பக்கத்தை மட்டும் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். நன்றாக எழுதியிருந்தாராம்.

பேராசிரியர் அவளைப் பார்த்து, "நடந்ததை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. மேல அனுப்பணும்" என்றார். நிரந்தரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்கிற முகம் அவளுக்கு இல்லை. ஒரே பக்கத்தில் எழுதினாள். கம்பளியை அப்பா கொடுத்தது என்று எழுதி, அது தேவையில்லை என்று அடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை யாரும் துணிக் கோட்டு போடவில்லை. ஒருமுறை போட்டுத் தூக்கியெறிகிற காகித அங்கி வந்திறங்கியது. நடந்தால் சரசரவென்று சத்தம். தாடியும் அவளும் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு அறுபது டியூபையும் தயார் செய்தார்கள். தும்மல் வந்தபோதெல்லாம் பேராசிரியர் மாடிப்படிக்கு ஓடினார். வெள்ளிக்கிழமை காலையில், ரத்தமே இல்லாத வெறும் தண்ணீர் டியூப் ஒன்றை முதலில் ஓட்டினார் மெஷின் அண்ணன். ஆடு இல்லை. "மூடு நல்லா இருக்கு" என்று அறிவித்துவிட்டு உண்மையான டியூபுகளை ஏற்றினார். ஒரு டியூபுக்கு ஒரு மணி நேரம்.

சனிக்கிழமை விடுமுறை நாள். மத்தியானம் பார்லரக்கா வந்தபோது கட்டடத்தில் ஆளே இல்லை. திரையில் முப்பதாவது டியூப் முடிகிற நேரம். பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று கணக்கு சொல்லிக் கொடுத்திருந்தாள். ஒன்றாவதிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து விரலால் வரிசை பிடித்துப் படித்தாள். மனிதர், மனிதர், மனிதர், பன்றி. முப்பதிலும் அதேதான். இருந்தும் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தாள்.

பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. காகித அங்கியோடு பேராசிரியர். அவருக்கும் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

"போச்சா?"

"முப்பது வரைக்கும் போச்சு சார்."

அவர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து மேஜையில் வைத்தார். அலுவலக முத்திரை குத்திய உறை. பிரித்துப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை.

"நிரந்தர ஆர்டர்" என்றார். "போன திங்கட்கிழமையே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். நேத்து சாயங்காலம் வந்துச்சு."

"திங்கட்கிழமையா? புதன்கிழமைதானே சார் நான் சொன்னேன்? நான் எழுதிக் குடுத்த தாள்?"

"அதுவும் போயிருக்கு. ஆனா ஏற்கெனவே அனுப்பின சிபாரிசைத் திரும்ப வாங்கணும்னா ஏழு ஃபாரம் நிரப்பி நாலு பேர்கிட்டக் கையெழுத்து வாங்கணுமாம். எனக்கு இருக்கிற ஜலதோஷத்துல யாரால முடியும்?" மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதோட, ரெண்டு தடவை ஓடின டேட்டாவைக் கெடுத்தவங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன். எங்க வீட்டுலதான் ஆடு இருக்குன்னு எழுந்து நின்னு சொன்ன ஆளை இப்பதான் பார்க்கறேன். அந்தக் கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க, திங்கட்கிழமை ஆபீஸ்ல சேர்த்துடறேன்."

பேனாவை நீட்டினார். பார்லரக்கா உறையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். முப்பத்தொன்றாவது டியூபில் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். இன்னும் முப்பது பாக்கி இருக்கு. அதுவும் வரட்டும்."

"அது முடிய நாளைக்கு ராத்திரி ஆகுமேம்மா."

"பரவாயில்ல சார். ஆறு வருஷம் இருந்தாச்சு."

பேராசிரியர் பேனாவை மூடிப் பையில் செருகினார். போகப்போகிறார் என்று நினைத்தாள். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, அங்கி சரசரக்க உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "முப்பத்தொண்ணைத் திறங்க" என்றார்.

"இப்பத்தானே சார் ஏத்தியிருக்கு. ஒரு மணி நேரம் ஆகும்."

"ஆகட்டும்" என்றார்.